பூட்டிய அலமாரியில் ஐம்பத்திரண்டு போன்

அடுத்தவர் போனை வாங்கிப் பூட்டி வைப்பதைப் போலப் பாவப்பட்ட வேலை உலகத்தில் வேறு கிடையாது. பல் பிடுங்குகிற டாக்டரைக்கூட ஜனங்கள் ஓரளவு நன்றியோடு பார்ப்பார்கள். என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. பிள்ளையிடமிருந்தோ புருஷனிடமிருந்தோ அரைமணி நேரம் போனை வாங்கி வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் படுகிற பாடு புரியும். நீங்கள் அரைமணி நேரம் வைத்திருந்தீர்கள். நான் பத்து நாள் வைத்திருக்கிறேன்.

ஏரலுக்குத் தெற்கே செம்மண் தேரியில், பனைக்கும் முந்திரிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பௌத்த தியான மையம். மாதம் ஒரு முகாம், பத்து நாள். வந்தவர்கள் அந்தப் பத்து நாளும் பேசக்கூடாது, போன் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கவும் கூடாது. சோப்பு, மாத்திரை மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் அலுவலகத்தில் வந்து மெதுவாகச் சொல்லலாம், அல்லது சீட்டில் எழுதிப் போடலாம். மினிபஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்துக்கு வைத்திருக்கிற பெயர் பேசாமடம்.

நான் முத்தையாபுரம். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்து, அடுத்தவர் பேச்சைக் கேட்டே வயதானவள். ஓய்வு பெற்ற பிறகு நானும் தியானம் செய்யத்தான் இங்கே வந்தேன். மூன்றாம் நாள் ஓர் அணிலோடு பேசிக்கொண்டிருக்கும்போது பிடிபட்டேன். பிடித்தவர் இங்கேயே தங்கியிருக்கிற பிக்கு. அவரைப் 'பந்தே' என்று கூப்பிடுவோம். தாடி வைத்த கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள், என்னைவிட இருபது வயது சின்னவர். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். அன்றைக்கு என்னைத் திட்டாமல் சொன்னார்: "அம்மா, நீங்க உட்கார வேண்டாம். வேலை செய்யுங்க. உங்களுக்கு அதுதான் தியானம்."

அப்படித்தான் அலமாரிச் சாவி என் இடுப்புக்கு வந்தது. இனி வருவதெல்லாம் போன முகாமில் நடந்தது.

மூன்றாவது போன்

முகாம் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேஜைக்கு முன்னால் வரிசை நிற்கும். போனை அணைத்து, பெயர் எழுதிய துணிப்பையில் போட்டு என்னிடம் தர வேண்டும். சிலர் தரும்போது போனைத் தடவிக் கொடுப்பார்கள். ஒரு அம்மா நெற்றியில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். நான் யாரையும் கேலி செய்யவில்லை. என் போனையும் அதே அலமாரியில்தான் வைக்கிறேன், கை என்னமோ பத்து நாளும் இடுப்பைத் தடவிக்கொண்டேதான் இருக்கும்.

தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து ஒருவர். துறைமுகத்துக்கு லாரி அனுப்புகிற தொழில். ஒரு போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். "இன்னொன்னு?" என்றேன். எனக்கு அதில் கண் உண்டு, சட்டைப்பை தொங்குகிற விதத்திலேயே தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே இரண்டாவதைக் கொடுத்தார். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மனிதர் அலுவலக வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்றாவதாக ஒரு போனையும் அதன் சார்ஜரையும் மேஜையில் வைத்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, தானாகக் கொண்டு வந்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எக்கா, நான் இதுகூடப் பேசவே இல்ல. இதுதான் எங்கூட பேசிக்கிட்டே இருக்கு."

லைன் டெஸ்ட்

விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயர், உறவு, நம்பர் எழுத வேண்டும். எல்லாரும் அதைச் சும்மா நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு எக்சேஞ்ச் புத்தி. சோதிக்காத லைனை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது. முதல் நாள் காலையில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்ததும் அலுவலகப் போனை எடுத்து, ஒவ்வொரு நம்பராக அடித்துப் பார்த்துவிடுவேன். யாரும் சொல்லிச் செய்கிற வேலை இல்லை. ஐம்பத்திரண்டு பேரில் நாலு பேர் அவசரத்துக்குத் தங்கள் நம்பரையே எழுதியிருந்தார்கள். அந்தப் போன்கள் எனக்குப் பின்னால் அலமாரியில் கிடந்தன.

அந்த வரிசையில் மிக்கேல் என்று ஒருவர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. சிலுவை போட்ட சங்கிலியோடு புத்தர் மடத்துக்கு வந்திருக்கிறாரே என்று விண்ணப்பத்தைப் பார்த்தேன். 'எதற்காக வருகிறீர்கள்' என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை: தூக்கம். மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லையாம். அவசரத் தொடர்பில், தொம்மை, தம்பி என்று எழுதி ஒரு நம்பர்.

அடித்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. பின்னால் யாரோ மரத்தில் ஆணி அடிக்கிற சத்தம். "உங்க அண்ணன் மிக்கேல் இங்கன ஏரல் தியான மையத்துல பத்து நாள் முகாமுக்கு வந்திருக்காவ. அவசரத்துக்கு உங்க நம்பரத்தான் குடுத்திருக்காவ, சரிதானான்னு பாத்தேன்" என்றேன். "எனக்கு அண்ணன் கிடையாது" என்று வைத்துவிட்டார். தப்பு நம்பர் போலிருக்கிறது என்று சிவப்புப் பேனாவில் சுழித்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. அதே நம்பர், அதே குரல், இந்த முறை பின்னால் ஆணி அடிக்கிற சத்தம் இல்லை. கேட்டார்: "எம்பேரயா எழுதியிருக்கான்?"

எது அவசரம்

சாவு, இல்லையென்றால் ஆஸ்பத்திரி. இந்த இரண்டைத் தவிர எந்தச் சேதியையும் உள்ளே கொண்டு போகக் கூடாது. இது எழுதி ஒட்டியிருக்கிற சட்டம். ஆனால் வெளியே இருக்கிறவர்களுக்கு எல்லாமே அவசரம்தான். கேஸ் புத்தகம் எங்கே என்று ஒரு மனைவி கேட்பாள். அவன் மோர் குடித்தானா என்று ஒரு தாய் கேட்பாள், அந்த 'அவனுக்கு' நாற்பத்தேழு வயது. ஒருவர் தினமும் மத்தியானம் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிடுவார். இவர்கள் எல்லாரிடமும் அன்பாகப் பேசி, எதையும் உள்ளே சொல்லாமல் இருப்பதுதான் என் சேவை. நாக்கைக் கடித்துக் கடித்து அதில் தழும்பே இருக்கும்.

எங்கள் முத்தையாபுரத்து டீச்சர் ஒருத்தி முகாமில் இருந்தாள். வகுப்பில் அவள் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அவள் வீட்டுக்காரர் கத்தாரில் வேலை. நாலாம் நாள் கூப்பிட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார், நன்றாக இருக்கிறாள் என்றேன். உண்மையிலேயே பேசாமல் இருக்கிறாளா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "எக்கா, போன அவ பக்கத்துல கொண்டு வைக்க முடியுமா? அவ பேச வேண்டாம். பேசாம இருக்கத நான் ஒரு நிமிசம் கேக்கணும்."

உப்பு

எங்கள் சமையலறைத் தலைவர் சுயம்பு அண்ணாச்சி. ஏரலில் மளிகைக் கடை. முகாம் வந்தால் கடையைப் பெண்சாதியிடம் விட்டுவிட்டு, பெரிய கரண்டியும் தலைத்துண்டுமாக வந்துவிடுவார். அவரைப் போல மனிதரைப் பார்ப்பது கஷ்டம். சீனி டப்பாவில் எறும்பு ஏறினால் நாமெல்லாம் தட்டிவிடுவோம். இங்கே எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பதால் அண்ணாச்சி தரையில் வாசல் வரைக்கும் சீனியால் ஒரு கோடு போட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடைசி எறும்பு வெளியேறுகிற வரைக்கும் வழியனுப்பி வைப்பார். அதற்குள் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிடும், அது வேறு விஷயம்.

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். சமைத்ததைப் படைக்கும் முன்னால் ருசி பார்க்க மாட்டார், எங்களையும் பார்க்க விடமாட்டார். முதல் கரண்டி புத்தர் சிலைக்கு முன்னால் கிண்ணத்துக்கு, அடுத்தது பந்தேக்கு, பிறகு தியானம் செய்கிறவர்களுக்கு, கடைசியில்தான் வேலை செய்கிற எங்களுக்கு. மூன்றாம் நாள் மத்தியானம் சாம்பாருக்கு உப்புப் போட்டது நான் என்று அண்ணாச்சி நினைத்தார், அண்ணாச்சி என்று நான் நினைத்தேன். உப்பளத்து ஊரில் உப்பில்லாத சாம்பார். புத்தர் ஒன்றும் சொல்லவில்லை. பந்தே ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு பேரும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் உட்காரப் போகிற நேரம் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். வெயிலில் கறுத்த முகம், கையில் ஒரு மஞ்சள் பை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை அண்ணாச்சி பெயர்கூடக் கேட்க மாட்டார், முதலில் இலை போட்டுவிடுவார். வந்தவர் இரண்டு வாய் தின்றார், அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார், மூன்றாவது வாயை வைத்துவிட்டு, "உப்பே இல்லியே அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி சட்டியில் விரலை விட்டு நக்கினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு கல் உப்பு எடுத்து வந்து இலையோரம் வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்பத்திரண்டு பேரு தின்னுட்டு ஒருத்தர் வாயத் தொறக்கல. நாளைக்கும் வாரும்வே."

சேதியும் சோறும்

வந்தவர் தொம்மை. என் லைன் டெஸ்டில் அண்ணன் கிடையாது என்று சொன்ன அதே ஆள்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டே கதையைச் சொன்னார். தொம்மைக்கு மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் கடலில் இருக்கும்போது அம்மா இறந்துவிட்டாள். நாளைக்குத் தோணி கரைக்கு வந்துவிடும் என்று ஊருக்கே தெரியும். மிக்கேல் அந்த ஒரு நாள் காத்திருக்கவில்லை, அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார். மறுநாள் தொம்மை இறங்கி நேரே கல்லறைக்குப் போனார். அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போகாமல் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் ஒரே தெருவில் நடக்கிறார்கள், ஒரே மாதா கோயிலுக்குப் போகிறார்கள், பேச்சு மட்டும் இல்லை. யார் முதலில் பேசுவது என்பதுதான் பிரச்சினை. "அவன் நம்பரு மறக்கல எக்கா. நீங்க சொன்ன அன்னைக்கு அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப்னு வருது. மனசு கேக்கல. ஒருதரம் பாத்துட்டுப் போயிருதேன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை தோணி கிளம்புகிறது. போனால் திரும்ப எத்தனை வாரமோ. முகாமில் மௌனம் முடிவது சனிக்கிழமை.

பார்க்க விடக்கூடாது, சொல்லவும் கூடாது. நான் பந்தேயிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சாவா?" என்றார். இல்லை என்றேன். "ஆஸ்பத்திரியா?" இல்லை என்றேன். "அப்ப சேதி போகக் கூடாது" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "பதினோரு வருசமா ரெண்டு பேருக்கு நடுவுல ஒண்ணு செத்துக் கிடக்கே பந்தே, அது சாவு இல்லியா?" என்று கேட்டே விட்டேன். ஒரு பிக்குவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. அந்தப் பக்கம் சமையலறையைப் பார்த்தபடி, "அவருக்குத் தோணியில என்ன வேலை?" என்று கேட்டார். சமையல் என்றேன். நாலடி நடந்து போனவர் திரும்பி வந்து சொன்னார்: "சேதி கொண்டு போகக் கூடாதும்மா. சோறு கொண்டு போகலாம்."

தட்டும் கரண்டியும்

தொம்மை சேவகராகச் சேர்ந்தார். நிபந்தனை எல்லாருக்கும் உள்ளதுதான். தியானம் செய்கிறவர்களிடம் பேசக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது. அவர்களும் பரிமாறுகிறவரைப் பார்க்க மாட்டார்கள், தலையைக் குனிந்தபடி தட்டை நீட்டுவார்கள். அவர்கள் கண்ணில் படுவது கரண்டியும் கையும்தான். "பதினோரு வருசம் பேசாம இருந்தவனுக்கு ஒரு வாரம் என்ன எக்கா" என்று சொல்லிக்கொண்டே தொம்மை தலையில் துண்டைக் கட்டினார்.

தொம்மையின் வலது கையில் நடுவிரல் நுனி கிடையாது. சின்ன வயதில் அண்ணனும் தம்பியுமாக வள்ளத்தை இழுக்கும்போது கயிற்றில் மாட்டிப் போய்விட்டதாம். நாலாம் நாள் மத்தியானம் வரிசையில் கடைசி ஆளாக மிக்கேல் வந்தார், அவர் எப்போதுமே கடைசியில்தான் வருவார். தட்டை நீட்டினார். சோறு விழுந்தது. அவர் நகரவில்லை. தட்டை நீட்டியபடியே அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொம்மை சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி மறுபடியும் உள்ளே போய் இன்னொரு கரண்டிச் சோறு வந்தது. பிறகு இன்னொன்று. மிக்கேல் தலை நிமிரவே இல்லை. அவ்வளவு சோற்றையும் கொண்டுபோய், ஒரு பருக்கை விடாமல் தின்றார். சட்டத்தை இரண்டு பேரும் நூலளவும் மீறவில்லை. நான் ஜன்னலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து மிக்கேல் வரிசையில் முதல் ஆள். மணி அடிக்கும் முன்னாலேயே தட்டோடு நிற்பார், அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அவர் தோள் கொஞ்சம் தளரும். ஆறாம் நாள் சீட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒரு சோப்பு, இரண்டு கொசுவத்தி, ஒரு தலைவலி மாத்திரை. அடியில் ஒரு சீட்டு, மிக்கேல் கையெழுத்து. தேவை என்று அச்சடித்த இடத்தில் எழுதியிருந்தார்: "தோணி எப்பம் கிளம்புது?"

வெள்ளிக்கிழமை

அந்தச் சீட்டுக்கு நான் பதில் எழுதவில்லை. சோப்புக்கும் மாத்திரைக்கும்தான் பதில் எழுதலாம். தொம்மையிடமும் சொல்லவில்லை, சொன்னால் அது சேதி. மடித்து மிக்கேலின் போன் இருந்த பையிலேயே போட்டுப் பூட்டினேன். எக்சேஞ்சில் எத்தனையோ பேர் பேச்சை நடுவில் துண்டித்திருக்கிறேன். அதெல்லாம் என் மனதை உறுத்தியதே இல்லை. இது இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை.

வியாழக்கிழமை தோணி முதலாளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். விடிந்தால் கிளம்புகிறோம், சமையல்காரனை உடனே அனுப்புங்கள், வரவில்லையென்றால் வேறு ஆளை ஏற்றிவிடுவேன் என்றார். தொம்மை சேவகர், அவருக்கு வருகிற சேதியைச் சொல்லலாம். பின்கட்டில் புடலங்காய் அரிந்துகொண்டிருந்தார். சொன்னேன். அரிவதை நிறுத்தவில்லை. சுயம்பு அண்ணாச்சி, "போயிட்டு வாரும்வே, பொழப்பு முக்கியம்லா. அண்ணன்கிட்ட நான் சொல்லுதேன்" என்றார்.

எனக்கும் அவர் கிளம்பிவிடுவார் என்றுதான் தோன்றியது. தோணிகள் பருவம் பார்த்துப் போகிறவை. ஒரு நடை விட்டால் அடுத்து எந்தத் தோணியில் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். தொம்மை கடைசிக் காயையும் அரிந்து முடித்தார். கத்தியைக் கழுவினார். அவர் மேல் எனக்கு ஒரே சமயத்தில் கோபமும் மரியாதையும் வந்தது அப்போதுதான், ஏனென்றால் அந்த மனிதர் அதைப் பாசமாகச் சொல்லவில்லை, பழிவாங்குவது மாதிரிதான் சொன்னார்: "அன்னைக்கு அவன் ஒரு நா காத்திருக்கல. நான் இருந்து காட்டுதேன்."

சனிக்கிழமை பத்து மணி

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு மௌனம் முடியும். அந்த நிமிஷத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டது மாதிரி ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் எல்லாரும் என் மேஜைக்கு ஓடி வருவார்கள். புதுக்கோட்டைக்காரர் மூன்று போனையும் வாங்கி, ஒன்றை மட்டும் திறந்தார். டீச்சர் கத்தாருக்குப் போட்டு, எடுத்ததும் பேச்சு வராமல் நின்றாள். அந்தப் பக்கத்தில் அவர் விரும்பியபடி அவள் பேசாமல் இருப்பதைக் கேட்டிருப்பார்.

மிக்கேல் மட்டும் போன் வாங்க வரவில்லை. சாவியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பின்பக்கம் போனேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்குச் சொல்ல வேண்டாம், முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். தொம்மை சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிக்கேல் பக்கத்தில் நின்றார். சட்டமெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது பேசலாம். பானை பளபளவென்று ஆன பிறகும் தொம்மை தேய்த்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கடைசியில் மிக்கேல்தான் வாயைத் திறந்தார். பத்து நாள் பேசாத குரல், கரகரவென்று வந்தது. "ஐஸ் பெட்டி கெடைக்கல தொம்மை" என்றார்.

தொம்மை தேய்ப்பதை நிறுத்தினார். மிக்கேல் தொடர்ந்து சொன்னார்: "ஊருல இருந்தது ரெண்டு பெட்டி. ரெண்டும் வேற சாவு வீட்டுக்குப் போயிட்டு. புதுக்கோட்டை வரைக்கும் போய்க் கேட்டேன். மே மாச வெயிலு. சாயங்காலத்துக்குள்ள அம்மா முகம்..." மிக்கேல் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். "நீ அந்த முகத்தப் பாக்கக் கூடாதுன்னுதான்லே மூடுனேன்" என்றார்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"நீ வீட்டுக்கு வரலியே."

நான் அந்த இடத்தை விட்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் கேட்கிற துணிச்சல் எனக்கே இல்லை. பதினோரு வருஷம், ஒரே தெரு, ஒரு பெட்டி கிடைக்கவில்லை என்ற ஒரு வாக்கியம்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசி மினிபஸ். எல்லாரும் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள். அலமாரியில் ஒரே ஒரு பை மட்டும் கிடந்தது, மிக்கேலுடையது. எடுத்துக்கொண்டு போனேன். சமையலறையில் அரிசி மூட்டைகள் மேல் மனிதர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் எழுதிய பதிலைக் கண்ணால் பார்த்தேன். தொம்மை பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியே மினிபஸ் ஹாரன் அடித்தது. நான் மிக்கேலின் தோளைத் தொடப் போனேன். தொம்மை என் கையைத் தடுத்து, போனையும் சீட்டையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "எழுப்பாதிய எக்கா. பஸ் போனாப் போவுது. நான் இருந்து கூட்டிட்டுப் போறேன்."

அவசர நம்பரை அடித்துப் பார்க்கிற வேலை பந்தேயின் சட்டத்தில் இன்றைக்கும் கிடையாதுதான், ஆனாலும் ஒவ்வொரு முகாமிலும் அடித்துப் பார்க்கிறேன், எடுக்கிறவர் 'எனக்கு அண்ணன் கிடையாது' என்று வைத்துவிட்டால் சமையலறையில் ஒரு தலைத்துண்டை எடுத்துத் தயாராக வைக்கச் சொல்லி சுயம்பு அண்ணாச்சியிடம் சொல்லிவிடுகிறேன்.